நெஞ்சு வலி என்று சொன்னோம்

தம்பி,

போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நான் அழுவேன், பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. பரீட்சைத் தாள் கையில் கிடைத்தால் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறவன் நீ. இதையாவது முதலிலிருந்து படி. முடிக்கும்போது உனக்கு என்மேல் ஆத்திரம் வரும், வரட்டும். எனக்கு இன்று வார ஓய்வு. மத்தியானம் மணி மூன்று ஆகிறது. உன் செல்வி அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறாள். அவள் எழுந்தால் கைப்பயிற்சி செய்ய வைக்க வேண்டும், அதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

உன் பெரியம்மா வசந்தாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். என் கூடப்பிறந்தவள், செல்வியைப் பெற்றவள். அவள் நெஞ்சு வலியில் போனாள் என்றுதான் உனக்குத் தெரியும். செல்விக்கும் போன வாரம் வரை அப்படித்தான் தெரியும். அது பொய். அன்று காலை நானும் அவளும் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தோம். உனக்கு இரண்டு வயது, என் இடுப்பில் இருந்தாய். செல்விக்கு ஐந்து. மண்ணெண்ணெய் கேனைக் கீழே வைத்துவிட்டு அக்கா என் தோளைப் பிடித்தாள். “தலைக்குள்ள என்னமோ அறுந்த மாதிரி இருக்குடி” என்றாள். அங்கேயே வாந்தி எடுத்தாள். வெயில் என்று யாரோ சோடா வாங்கி வந்தார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோனது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ஓரிடம் உப்பியிருந்து வெடித்துவிட்டது என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். எங்கள் பெரிய மாமா எங்களையெல்லாம் வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போய் நிற்க வைத்தார். “மண்டையில வெடிச்சிச்சின்னு வெளிய யாரும் வாய் தொறக்காதீங்க. பரம்பரை நோவுன்னு பேராயிடும். ஒரு பொட்டப்புள்ள நிக்கிது, நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? நெஞ்சு வலின்னு சொல்லிடுங்க” என்றார். ஐந்து வயதுப் பிள்ளையின் கல்யாணத்துக்குப் பிணம் கிடக்கும்போதே ஏற்பாடு செய்த ஆட்கள் நாங்கள். நெஞ்சு வலி என்றால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்க மாட்டார்கள். தலை என்றால் காத்து கருப்பு என்பார்கள், பைத்தியம் என்பார்கள், அவள் பாட்டிக்கு என்ன, பாட்டனுக்கு என்ன என்று தோண்டுவார்கள். மாமா சொன்னது எனக்கு அன்று சரியாகத்தான் பட்டது. துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கொஞ்ச நாளில் நானே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டேன்.

செல்வியின் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு கடலூர்ப் பக்கம் போய்விட்டார். அவள் நம்மோடு வந்தாள். உன் அப்பா மில்லில் இருந்த காலம் அது. “ரெண்டு புள்ளைக்குச் சோறு போட மாட்டேனா நானு” என்று சொன்னார், செத்துப்போகும் வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். உனக்குச் சோறு ஊட்டியது பாதி நாள் அவள்தான். நான்காம் வகுப்பில் கணக்கில் நீ பெயிலாகி, ராங்க் கார்டில் அவளிடம் என் கையெழுத்தைப் போட வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? என் பெயரில் ஒரு எழுத்தையே விட்டுவிட்டுப் போட்டிருந்தாள். டீச்சர் கூப்பிட்டு விட்டதும் நான் அவளைத்தான் அடித்தேன், உன்னை அடிக்கவில்லை. உன்னை அடிக்க எனக்கு மனசு வராது என்பது அவளுக்கும் தெரியும். முதுகைத் தேய்த்துக்கொண்டே “அவன் அழுதான் சின்னம்மா” என்று மட்டும் சொன்னாள். இப்போது அவளால் முழுசாகச் சொல்ல முடிகிற வார்த்தைகளை எண்ணிவிடலாம். அதில் உன் பெயரும் ஒன்று.

நான் இருபது வருஷமாக ஆஸ்பத்திரியில் ஆயாம்மா வேலை செய்கிறேன், அதில் பன்னிரண்டு வருஷம் மூளை, தண்டுவட அறுவை சிகிச்சைப் பிரிவில். சக்கர நாற்காலி தள்ளுவது, படுக்கை மாற்றுவது, புது நோயாளியை டாக்டர் அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைப்பது. உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் டாக்டர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி வந்திருக்கா?” முக்கால்வாசிப் பேர் யோசிக்காமலே இல்லை என்று தலையாட்டுவார்கள். வெளியே வந்ததும் என் காதில், “எங்க சித்தப்பா ஒருத்தர் பொசுக்குனு போயிட்டாரு, அத்த சொல்லணுமா?” என்று கேட்பார்கள். நான் சண்டை பிடித்துத் திரும்ப உள்ளே அனுப்புவேன். “மறைக்காம சொல்லுங்க. டாக்டர் என்ன உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டா வரப் போறாரு?” என்று அதட்டுவேன். எனக்கு அந்தப் பிரிவில் வாய்க்காரி என்று பெயர். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் உன் அம்மா, அதை மறந்துவிடாதே.

புதன்கிழமைகளில் டாக்டர்கள் எல்லாரும் ஓர் அறையில் கூடி, ஸ்கேன் படங்களைத் திரையில் போட்டுப் பேசுவார்கள். டீ கொண்டுபோகிறவள் நான். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். பன்னிரண்டு வருஷம் டீ கொடுத்தால் கதவுக்கும் கொஞ்சம் புரியும். முன்பெல்லாம் மண்டையோட்டைத் திறந்து, உப்பின இடத்தின் கழுத்தில் சின்ன கிளிப் போடுவது ஒன்றுதான் வழி. பிறகு தொடை வழியாக, இப்போது மணிக்கட்டு வழியாகக்கூட, நூல் மாதிரி ஒரு குழாயை மூளை வரை ஏற்றி, உப்பின இடத்துக்குள் மெல்லிய கம்பிச் சுருளை அடைத்துவிடுகிறார்கள். சில பேருக்கு ரத்தக்குழாய்க்குள் வலைபோட்ட குழாய் ஒன்றை வைத்து, ரத்தம் அந்தப் பக்கம் போகாமல் திருப்பிவிடுகிறார்கள். இதையெல்லாம் செய்ய முடிகிறது, ஆனால் யாருக்குச் செய்வது என்பதில்தான் அவர்களுக்குள் வாக்குவாதம். எது வெடிக்கும், எது ஆயுசுக்கும் சும்மா கிடக்கும் என்று இன்னும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரிய டாக்டர் ஒரு நாள், “தொடாம விட்டா வெடிக்கலாம், தொட்டா நம்ம கையாலேயே கெட்டுடலாம்” என்றார். அளவு, உருவம், இருக்கிற இடம், ரத்தக் கொதிப்பு, சிகரெட், குடும்பத்தில் இருந்ததா என்பது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு இருந்தால் அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் கூப்பிட்டு ஒரு தரம் ஸ்கேன் பார்த்துவிடுவது நல்லது என்று அந்த அறையில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாயே இல்லை.

மூன்று வருஷம் முன்னால் வராந்தாவில் பினாயில் ஈரத்தில் வழுக்கி விழுந்தேனே, நீகூட “பாத்து நடக்க மாட்டியா” என்று திட்டினாய். தலையில் அடி என்று ஸ்கேன் எடுத்தார்கள். அடி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் படத்தில் வேறொன்று இருந்தது. என் மூளையின் ரத்தக்குழாய் ஒன்றில் சின்னதாக ஓர் உப்பல். உனக்குச் சொல்லவில்லை. டாக்டர் என்னை நோயாளி நாற்காலியில் உட்கார வைத்து அதே கேள்வியைக் கேட்டார். “குடும்பத்துல யாருக்காவது?” பக்கத்தில் எனக்கு ரத்தக் கொதிப்பு பார்த்துக்கொண்டு நின்றவள் சாந்தி சிஸ்டர். அவள் அண்ணன் மகனுக்குச் செல்வியைக் கேட்டுப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். அதற்கு முந்தின வாரம்தான் பெண் பார்க்க வந்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் சாந்தி சிஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். “அப்படி யாருக்கும் இல்லீங்க டாக்டர். எங்க அக்கா ஒருத்தி நெஞ்சு வலியில போனா, அவ்ளோதான்” என்றேன். கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். குடும்பத்தில் இல்லை, உப்பல் சின்னது, கொதிப்புக்கு மாத்திரை போதும், வருஷம் ஒரு முறை ஸ்கேன் என்று முடிவானது. வெளியே வந்து வழக்கம்போல நாற்காலி தள்ளினேன். எனக்கு என் தலையைப் பற்றிக்கூட அன்று பயம் இல்லை, சிஸ்டருக்குச் சந்தேகம் வந்திருக்குமோ என்பதுதான் பயம்.

கல்யாணம் நிச்சயமானது. செல்வி நோணாங்குப்பம் படகுக் குழாமில் டிக்கெட் கவுண்டரில் இருந்தாள் அல்லவா, வேலை முடிந்து வந்ததும் தலை வலிக்கிறது என்பாள். முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. நான் தைலம் தேய்த்துவிடுவேன். இவள் வசந்தாவின் மகள், இவளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று என் புத்திக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் எடுத்தால் சாந்தி சிஸ்டருக்குத் தெரியும், வேறிடத்தில் எடுத்தால் எதற்கு என்று செல்வியே கேட்பாள். “வெயில்ல உக்காந்திருக்க இல்ல, அதான். கல்யாணம் முடியட்டும், ஒரு தரம் நல்லா பாத்துடலாம்” என்றேன். அவளும் சரி சின்னம்மா என்றாள். அவள் எப்போதுதான் மறுத்துப் பேசினாள்?

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கவுண்டரில் நீண்ட வரிசை. மீதிச் சில்லறையைக் கொடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே கவுண்டர்மேல் சாய்ந்துவிட்டாள். நீ ரயிலேறி வந்து சேர்வதற்குள் அறுவை சிகிச்சை தொடங்கியிருந்தது. ஏழு மணி நேரம். அதற்கு முன்னால் எங்கள் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டபோதும், அவள் அம்மா நெஞ்சு வலியில் போனாள் என்றுதான் சொன்னேன். நான் இத்தனை வருஷம் எத்தனையோ பேரைத் தள்ளிக்கொண்டு போன அந்தக் கதவுக்கு வெளியே, புடவையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளிப் நன்றாகப் போட்டுவிட்டோம் என்றார் டாக்டர். மறுநாள் கண்ணைத் திறந்தாள், என்னைப் பார்த்துச் சின்னம்மா என்றாள். நீ வார்டுக்கே லட்டு வாங்கி வந்தாய். என்னால் அதைச் சாப்பிட முடியவில்லை, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கசிந்த ரத்தம் பட்டு மற்றக் குழாய்கள் சுருங்குகிற நாட்கள் சில உண்டு. அதற்குத்தான் ராத்திரி பகல் பாராமல் மருந்து கொடுத்துக் கவனிப்பார்கள். ஆறாம் நாள் காலையில் பல் தேய்த்துவிடப் போனேன். வலது கை எழும்பவில்லை. சின்னம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள், வேறு ஏதோ சத்தம் வந்தது. அவளுக்கே அது புரிந்து, பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை சுமக்க வேண்டியதுதான். டாக்டர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். செய்யாதவள் நான் ஒருத்திதான். மாப்பிள்ளைப் பையன் இரண்டு முறை வந்து பார்த்தான், மூன்றாவது முறை வரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் உன் கல்யாண ஏற்பாட்டுக்காக நீ வந்திருந்தபோது மொட்டை மாடியில் துணி எடுக்க வந்தேன். சிகரெட்டைப் பின்னால் மறைத்தாய். இருபத்தெட்டு வயதாகியும் மறைக்கத் தெரியவில்லை உனக்கு. அன்றைக்கு என் தலையில் இருப்பதை உன்னிடம் முதல் முறையாகச் சொன்னேன். பெரியம்மா செத்த விதத்தைச் சொல்ல வாய் வரவில்லை, இதை மட்டும் சொல்லி, நீயும் ஸ்கேன் எடுத்துக்கொள் என்றேன். மறைத்த சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, “கல்யாணம் முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்றாய். “இப்ப போயி ஸ்கேன் கீன்னு ஆரம்பிச்சா பொண்ணு வூட்ல இன்னா நெனைப்பாங்க? அக்காவுக்கே வண்டியில வுழுந்து அடிபட்டுடிச்சின்னு சொல்லி வெச்சிருக்கேன். நீயும் அதையே சொல்லு” என்றாய். வேப்ப மரத்தடியில் என் மாமா பேசியதைத்தான் நீ பேசினாய். அவர் முகம்கூட உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார் என்று வெளியே தேட வேண்டியதில்லை.

ஒரு வாரம் புழுங்கினேன். பிறகு செல்வியிடம்தான் முதலில் சொன்னேன். கஞ்சி ஊட்டி முடித்துவிட்டு அவள் எதிரில் கீழே உட்கார்ந்துகொண்டேன். உங்க அம்மா நெஞ்சு வலியில் சாகவில்லை, எனக்கும் அதே நோய் இருக்கிறது, மூன்று வருஷமாகத் தெரியும், உனக்குத் தலை வலித்தபோதெல்லாம் தெரிந்துகொண்டேதான் தைலம் தேய்த்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவளுக்குப் பேச்சுதான் வராது, கேட்பதெல்லாம் நன்றாகப் புரியும். இடது கையை ஓங்கினாள். அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் நான் ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை, பக்கத்து வீட்டு அம்மா வந்துதான் ஊட்டினாள். மூன்றாம் நாள் என்னிடம் வாங்கிக்கொண்டாள். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. பசி, வேறு வழியில்லை. சாப்பிட்டு முடித்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். உன் பெயர். இரண்டு முறை சொன்னாள். உனக்குச் சொல்லிவிட்டேனா என்று கேட்கிறாள் என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போய் நின்றேன். சாந்தி சிஸ்டரும் இருந்தாள், இருக்கட்டும் என்றே சொன்னேன். டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “நீங்களே இப்படிப் பண்ணிட்டீங்களேம்மா” என்றார். திட்டியிருக்கலாம். என் கேஸ் தாளில் இருந்ததை அடித்துத் திருத்தினார். சின்னது என்று விட்டுவைத்ததை இனி அப்படி விட முடியாது, அடுத்த மாதம் எனக்குக் குழாய் வழியாக அடைத்துவிடலாம் என்கிறார். என்னைப் பற்றி நீ கவலைப்படாதே. உன்னைப் பற்றிக் கேட்டேன். “பையனுக்கு ஒண்ணும் இல்லாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இருந்தாலும் உடனே கத்திய எடுத்துடுவோம்னு இல்ல. ஆனா பாக்காம இருக்கக் கூடாது. சிகரெட் பழக்கம் உண்டா?” என்றார். உண்டு என்றேன். இந்த ஒரு கேள்விக்காவது உண்மையைச் சொன்னேன்.

அப்புறம் உப்பளம் போனேன், உனக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வீட்டுக்கு. உன்னிடம் கேட்காமல் போனேன், கேட்டால் விடமாட்டாய். நல்ல மனிதர்கள். கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி காட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துக் காபியும் முறுக்கும் வைத்தார்கள். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “செல்வி அண்ணி எப்படி இருக்காங்க அத்தை?” என்று கேட்டாள். அவளை உட்கார வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவுக்கு, அக்கா மகளுக்கு, எனக்கு. வண்டியில் விழவில்லை என்று. என் மகனுக்கு இருக்கிறதா இல்லையா என்று இன்னும் தெரியாது என்று. காபி ஆறிப்போனது, யாரும் எடுக்கவில்லை. அவள் அப்பா வாசல் வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

இன்று காலை அவர் போன் பண்ணினார். “அம்மா, உங்க மேல மரியாதை கூடியிருக்கே தவிர குறையல. ஆனா எங்களுக்கு ஒரே பொண்ணு. தெரிஞ்சே எப்படி அனுப்பறது சொல்லுங்க? வேணாம்மா, இத்தோட விட்டுடலாம். தம்பிகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க, அதுவரைக்கும் பொண்ணும் பேசாது” என்றார். எனக்குப் பக்குவமாகச் சொல்லத் தெரியவில்லை. உன் கல்யாணம் நின்றுவிட்டது, தம்பி. நிறுத்தியது நான். அந்தப் பெண்ணை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்தே செய்தேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால், வீணாக நிறுத்திவிட்டாயே என்று ஆயுசு முழுவதும் நீ கேட்கலாம். நான் பதில் சொல்லாமல் கேட்டுக்கொள்வேன். செல்விக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கல்யாணமும் நடக்கவில்லை, கையும் போனது, பேச்சும் போனது. இன்னொரு பிள்ளையை அப்படிப் பார்க்க என்னால் முடியாது. என்னால் முடியவே முடியாது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் உன் பெயரைப் பதிந்துவிட்டேன். ஊசி கிடையாது, வலிக்காது. ஒரு குழாய்க்குள் அரை மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும், சத்தமாக இருக்கும், அவ்வளவுதான். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நீ என்னோடு பேச வேண்டாம். பக்கத்தில் வந்து உட்கார வேண்டாம். என் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். நேராக உள்ளே போய்ப் படுத்துக்கொள், தம்பி. அது போதும் எனக்கு.

அம்மா